சொற்சுவை: காத்திருத்தல்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முல்லைத் திணையைப் பற்றிய வினாவுக்கு விடை எழுதுகையில், "தலைவன் வரும்வரை தலைவி வெயிட் பண்ணுவாள்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து, "காத்திருப்பாள்" என்று மேலே எழுதினேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் எழுந்து நின்று, "எதிர்பார்ப்பாள் என்று எழுதினால் மார்க் உண்டா, ஸார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மணிக்குக் கட்டுப்படாத இடம் இந்தப் பகுதிதான்; ஆகவே விடையை இங்கே எழுதுகிறேன்.

சாதாரண அகராதிகளைப் புரட்டினால், காத்திருத்தல் என்பதற்கு எதிர்பார்த்தல் என்றும், எதிர்பார்த்தல் என்பதற்குக் காத்திருத்தல் என்றும் பொருள் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். பேசுகிற ஜனங்கள் அப்படி மயங்குவதில்லை. "பையன் பரீட்சையில் தவறிவிடுவான் என்று எதிர்பார்த்தேன்" என்று ஒரு தகப்பனார் சொன்னால், பாவம், முன்பே தெரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைப்போம். "தவறுவதற்காகக் காத்திருந்தேன்" என்று சொன்னாரானால், அவர் தகப்பனாரா, பங்காளியா என்று சந்தேகம் வந்துவிடும். எதிர்பார்ப்பதற்கு அறிவு இருந்தால் போதும். காத்திருப்பதற்கு மனமும் அந்தப் பக்கம் சாய வேண்டியிருக்கிறது.

இலக்கணமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. எதிர்பார்த்தல் இரண்டாம் வேற்றுமையை ஏற்கும்: அவனை எதிர்பார்த்தேன். காத்திருத்தலோ இன்றைய வழக்கில் நான்காம் வேற்றுமையை நாடும்: அவனுக்குக் காத்திருந்தேன், அவனுக்காகக் காத்திருந்தேன். நான்காம் வேற்றுமை கொடைக்கு உரியது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காத்திருப்பவர் எதையோ கொடுத்துக்கொண்டிருக்கிறார். வேறொன்றும் இல்லாவிட்டாலும் தம் பொழுதையாவது கொடுக்கிறார்.

முதலில் எதிர்பார்த்தலை முடித்துவிடுவோம். அதில் சிக்கல் குறைவு. எதிர், பார் என்ற இரு சொற்கள் சேர்ந்தது அது. வருகிறவர் எந்தத் திசையிலிருந்து வருவாரோ அந்தத் திசையைப் பார்த்தல் என்பதே நேர்ப்பொருள். கவரைப்பேட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கும்மிடிப்பூண்டியைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் ஆந்திர எல்லை வந்துவிடுகிறது. சூலூர்ப்பேட்டை வரையில் புறநகர் ரயில் ஓடுகிறது. ஒரே பெஞ்சில் தமிழும் தெலுங்கும் தோளோடு தோள் உராய்ந்துகொண்டு பிரயாணம் செய்கின்றன. தெலுங்கர் இதனை 'எதுருசூபு' என்பர். எதிர்ப் பார்வை என்பதுதான் அது. கன்னடத்தார் 'எதுருநோடு' என்கிறார்கள். அங்கும் எதிர், அங்கும் நோக்கு.

திராவிட மொழிகளோடு இது நிற்கவில்லை. வடமொழியில் பிரதீக்ஷை என்றால் 'பிரதி'யும் 'ஈக்ஷ'வும். அதாவது எதிர்முகமாகப் பார்த்தல். ஹிந்திப் பாட்டுக்களில் அடிக்கடி காதில் விழும் இந்தஜார் என்ற சொல், பார்வையைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. நஜர் என்பதும் அதே வேர்தான். ஆங்கிலத்தில் எக்ஸ்பெக்ட் என்பது லத்தீனில் 'வெளியே பார்' என்று பொருள்படுவது. உலகத்தில் மனிதன் எங்கே வாசற்படியில் நின்றாலும் அவன் கண் தெருக்கோடிக்குத்தான் போகிறது. நம்முடைய 'வழிமேல் விழி வைத்து' என்ற தொடரும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இது நிற்க. காத்திருத்தல் என்ற சொல்லில் கண் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், இல்லை. வழி இல்லை, எதிர் இல்லை, வருகிறவரும் இல்லை. இருப்பவை இரண்டே வினைகள்: கா, இரு. காத்து இருத்தல். காவல் செய்துகொண்டு இருத்தல்.

கா என்ற ஓரெழுத்து வேர் தமிழில் பெரிய குடும்பத்துக்குத் தலைவன். காவல், காவலர், காப்பு, காப்பகம் எல்லாம் அதன் பிள்ளைகள். கையில் அணியும் காப்பு, திருவிழாத் தொடக்கத்தில் கட்டும் காப்பு, நூலின் முகப்பில் பாடும் காப்புச் செய்யுள், பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவதாகிய காப்புப் பருவம் ஆகியவை அனைத்தும் அங்கிருந்து கிளைத்தவையே. ஊர் எல்லையில் நிற்கும் காத்தவராயனும், கிராமத்தில் காத்தான் என்றும் காத்தாயி என்றும் பெயர் வைத்துக்கொண்டிருப்பவர்களும் அந்தக் குடும்பத்தினரே. கந்தர் சஷ்டி கவசத்தைப் பாராயணம் செய்கிற வீடுகளில் 'காக்க' என்ற சொல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒலிக்கிறது என்பதைக் குழந்தைகளைக் கொண்டு எண்ணச் சொல்லலாம். காப்பியம் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது 'காவ்யம்' என்ற வடசொல்லின் வழி வந்தது. காலையில் அருந்தும் காப்பியும் சேராது. அதற்காகக் காத்திருக்கிறவர்கள் பலர் என்றாலும் பிறப்பு வேறு.

இந்த வேருக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: அடக்குதல். நாக்காத்தல் என்கிறோம், சினங்காத்தல் என்கிறோம். திருவள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில் சினத்தைக் காப்பதைப் பற்றிப் பேசும்போது, அது செல்லுபடியாகும் இடத்தில் காப்பவனையே காப்பவனாகக் கொள்கிறார். சினத்தைக் காப்பாற்றி வைக்கச் சொல்லவில்லை; வெளியே பாய்ந்துவிடாமல் காவல் போடச் சொல்கிறார். காத்திருப்பவனுக்கும் இந்தக் காவல் தேவைதானே? அரை மணி நேரம் பஸ் வராத நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரோ, எமனோ என்ற இரு பேராசிரியர்கள் தொகுத்து 1961இல் வெளியான திராவிடச் சொற்பிறப்பு அகராதி, தமிழ்க் 'கா'வையும் மற்றத் திராவிட மொழிகளில் உள்ள அதன் உறவுச் சொற்களையும் ஓரிடத்தில் அடுக்கித் தருகிறது. கன்னடத்தில் 'காய்' என்றால் ஆடு மேய்ப்பவன் ஆட்டைக் காப்பதும் அதுவே; நண்பனுக்காகத் தெருமுனையில் நிற்பதும் அதுவே. 'இரு' என்ற துணை கூட அவர்களுக்குத் தேவையில்லை. தெலுங்கில் 'காசு' என்பதும் (இதற்கும் சட்டைப்பையில் உள்ள காசுக்கும் சம்பந்தமில்லை) அப்படியே. 'காசுகொனு' என்றால் காத்துக்கொண்டிருத்தல். மலையாளத்தார் நம்மைப் போலவே காத்திருக்கிறார்கள். ஆகவே காவலும் காத்திருப்பும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது மிகப் பழைய சங்கதி.

எப்படிக் குடியேறின? இதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. கோழிக்கூட்டில் ஒரு சான்று இருக்கிறது.

கோழி முட்டையின்மேல் அமர்வதை நாம் அடைகாத்தல் என்கிறோம். இருபத்தொரு நாள். அந்த இருபத்தொரு நாளும் கோழி சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைப்பவர்கள் கோழி வளர்த்தறியாதவர்கள். அது நாள் முழுவதும் முட்டைகளை அலகாலும் காலாலும் புரட்டிக்கொண்டே இருக்கும். ஒரே பக்கமாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வீணாகும். நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் மாற்றிக்கொள்ளும். இரை பொறுக்க ஒரு நாளில் சிறிது நேரம் இறங்கி, அவசர அவசரமாகத் திரும்பிவிடும். பூனை நெருங்கினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறும். வாத்து முட்டையை அடியில் வைத்து ஏமாற்றினாலும், மேலும் ஒரு வாரம் சலிக்காமல் உட்கார்ந்திருக்கும். இதில் எந்தப் பகுதி காவல், எந்தப் பகுதி காத்திருப்பு என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா? இரண்டும் ஒரே உடம்பின் சூடு. குஞ்சு வெளியே வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கோழிக்கு உண்டோ இல்லையோ, காவல் இருக்கிறது. அந்தக் காவலினால் குஞ்சு வருகிறது.

சில முட்டைகள் கூமுட்டையாகப் போய்விடுவதும் உண்டு. அதற்காகக் கோழியை யாரும் பரிகசிப்பதில்லை. இலவு காத்த கிளியைத்தான் பரிகசிக்கிறோம். இலவங்காய் பழுக்கும் என்று கிளி காத்திருந்ததாம். காய் முற்றி வெடித்துப் பஞ்சு பறந்ததாம். இந்தப் பழமொழியிலும் 'காத்த' என்றே சொல்கிறோம், 'எதிர்பார்த்த கிளி' என்று சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிளி தானும் தின்னாமல் பிறரையும் அண்டவிடாமல் அந்தக் காய்க்குக் காவல் இருந்தது. ஏமாற்றத்தின் கசப்பு முழுவதும் அந்தக் காவலில் அடங்கியிருக்கிறது.

குறிஞ்சி நிலத்துக்குப் போனால் இதே கிளி வேறு வேஷத்தில் வருகிறது. தினை முற்றுகிற காலத்தில் பெண்ணைப் புனங்காக்க அனுப்புவது பழைய வழக்கம். பரண்மேல் அமர்ந்து தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளால் ஓசையெழுப்பிக் கிளியோட்டுவாள். காதலன் அங்கேதான் வருவான். வீட்டார் கணக்கில் அவள் தினையைக் காக்கிறாள். தோழியின் கணக்கில் அவனுக்காகக் காத்திருக்கிறாள். கதிர் கொய்தாகிவிட்டால் காவலும் முடிந்தது, சந்திப்பும் முடிந்தது. ஆகையால்தான் தினை விளைகிறதே என்று ஊரார் மகிழும்போது அவள் வருந்துவதாகப் புலவர்கள் பாடினார்கள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணிகைக்குப் போகிறவர்கள் வணங்கும் வள்ளி நாச்சியாரும் தினைப்புனம் காத்தவரே. ஒரு சொல்லின் இரு பொருள்களும் ஒரே பரணில் உட்கார்ந்திருக்கும் காட்சியை இதைவிட நன்றாக எந்த அகராதி காட்டும்?

இராமாயணத்தில் இந்தச் சொல்லுக்கு முழு உரிமை பெற்றவன் பரதன் என்பது என் அபிப்பிராயம். சீதை அசோகவனத்தில் காத்திருந்தாள்; சபரி தன் ஆசிரமத்தில் காத்திருந்தாள்; அகலிகை கல்லாய்க் கிடந்தாள். பரதனோ பாதுகைகளை அரியணையில் ஏற்றிவைத்துவிட்டு, அயோத்திக்குள் காலெடுத்து வைக்காமல், நந்திக்கிராமத்திலிருந்து பதினான்கு வருஷம் பிறருடைய ராஜ்யத்தைக் காத்தான். ராமன் திரும்பிவரும்போது திரும்பிக் கொடுப்பதற்கு ஒன்று இருக்க வேண்டுமல்லவா? குறித்த நாளில் அண்ணன் வராதபோது தீ மூட்டச் சொன்னவனும் அவனே. அனுமன் முந்தி வந்திராவிட்டால் கதை வேறாகியிருக்கும். பதினான்கு வருஷம் எதிர்பார்த்தான் என்று இதைச் சொன்னால் கதை சப்பென்று போய்விடுகிறது.

நம் காலத்துக்கு அருகில் வந்தால், பெயர் தெரியாத பரதர்கள் பலர் ஏட்டுச் சுவடிகளுக்கு இருந்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தறியாமலே, தாத்தா வைத்துப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக, பரணில் இருந்த ஏட்டுக் கட்டுக்களைச் சரஸ்வதி பூஜைக்கு இறக்கித் துடைத்துப் பொட்டிட்டு மறுபடியும் மேலே ஏற்றிய குடும்பங்கள் அவை. அவர்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் உ. வே. சாமிநாதையர் வாசலில் வந்து நின்றார். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அச்சேறின. காக்காமல் விட்ட இடங்களில் ஏடுகள் ஆற்றோடும் நெருப்போடும் செல்லோடும் போயின. அதனை ஐயரவர்களே மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார்.

இனி 'இரு' என்ற பகுதிக்கு வருவோம். தமிழில் காத்திருக்கலாம், காத்து நிற்கலாம், காத்துக் கிடக்கலாம். மூன்றும் ஒன்றாகா. உட்கார நாற்காலி உள்ளவர் காத்திருக்கிறார். நாற்காலி இல்லாதவர் காத்து நிற்கிறார். நாளும் பொழுதும் போய், எழுந்து போகவும் வழியற்றவர் காத்துக் கிடக்கிறார். தவங்கிடத்தல், வரங்கிடத்தல், பழிகிடத்தல் என்று வரும் தொடர்களில் எல்லாம் கிடத்தலே வருவதைக் கவனியுங்கள். ஒரு மனிதருடைய அந்தஸ்தை அவர் ஏறிவந்த வண்டியைக் கொண்டு அறிவதைவிட, அவர் காத்திருந்தாரா, நின்றாரா, கிடந்தாரா என்பதைக் கொண்டு நிச்சயமாக அறியலாம்.

சிறு தாமதத்துக்கு நாம் காத்திருத்தலைக் கூப்பிடுவதே இல்லை என்பது இன்னொரு விசேஷம். அடுப்பில் பால் பொங்கும்போது வாசலில் யாராவது அழைத்தால், "இருங்கள், வந்துவிட்டேன்" என்கிறாள் வீட்டுக்காரி. யாழ்ப்பாணத்தார் "பொறுங்கோ" என்பார்கள். பொறுத்தல் என்றால் சுமத்தல். அதுவும் அழகான சொல்லே. ஆனால் தொலைபேசியில் ஓர் இயந்திரக் குரல் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் குழாயடிச் சங்கீதத்தைத் தவிர அங்கே காப்பதற்கு என்ன இருக்கிறது?

சங்க நூலார் முல்லைக்கு உரிய ஒழுக்கத்தை 'இருத்தல்' என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். கார்காலத்து மாலைப்பொழுதில், சொன்ன பருவத்தில் திரும்பிவருவதாகப் போன தலைவனுக்காகத் தலைவி ஆற்றியிருத்தல் என்று உரையாசிரியர்கள் அதை விரிப்பர். என் மாணவியின் விடைத்தாள் இங்கேதான் வந்து சேருகிறது. நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு, பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகளே. அதில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப் பூவும் கொண்டு ஊர்ப்புறம் போய், விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். விரிச்சி என்பது, ஏதும் அறியாத ஒருவர் வாயிலிருந்து தற்செயலாக விழும் சொல்லை நிமித்தமாகக் கொள்வது. குளிரில் தோள்களைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இடைச்சிறுமி, கட்டிப்போட்ட கன்றுகளை நோக்கி, உங்கள் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்று தேற்றுகிறாள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்த் தலைவியிடம் சொல்கிறார்கள். அவள் அழுகை நிற்கவில்லை.

காட்சி உடனே பாசறைக்குத் தாவுகிறது. அங்கே மெய்காப்பாளர் அரசனைச் சூழ்ந்து காக்கிறார்கள். நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகையைப் பார்த்துப் பொழுது சொல்கிறார்கள். காத்தல் பாசறையில் நடக்கிறது, இருத்தல் மாளிகையில் நடக்கிறது, இடையே காடு. இரண்டு வினைகளையும் இரண்டு இடத்தில் வைத்து, கடைசியில் திரும்பிவரும் படையின் கொம்பொலியால் முடிச்சுப் போடுகிறார் புலவர்.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி இருக்கிறார். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிறார். மாமியாருக்கு மருந்து, இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக் கடனுக்கு மாதாந்தரம், மழைக்காலத்தில் ஒழுகும் மாடி எல்லாம் அவர் தலையில். தெருவில் எல்லோரும் அவரைப் பார்த்தால் "எப்போது வருகிறார்?" என்று கேட்கிறார்கள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. திருக்குறளில் அவர்வயின் விதும்பல் என்ற அதிகாரத்துத் தலைவி, கணவன் போன நாள்களைச் சுவரில் கோடிட்டு, அவற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்து போகிறாள். இந்த அம்மாள் வீட்டுச் சுவரிலும் கோடுகள் இருக்கின்றன. பிள்ளைகளின் உயரத்தைக் குறித்தவை அவை. வருகிறபோது அப்பாவுக்குக் காட்டுவதற்காக.

ரயில்வேயைப் பற்றிச் சொல்லாமல் கவரைப்பேட்டைக்காரன் காத்திருத்தலைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. சென்னை - கூடூர் மார்க்கத்தில் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே இருக்கும் எங்கள் நிலையம், 2024ஆம் வருஷம் அக்டோபர் 11ஆம் தேதி இரவு நாடெங்கும் பெயர் பெற்றது. மைசூரிலிருந்து தர்பங்காவுக்குப் போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், பிரதான பாதையில் நேராகச் செல்ல வேண்டியது, பக்கத்துப் பாதைக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதிற்று. பெட்டிகள் தடம் புரண்டன, பலர் காயமுற்றனர், தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

பக்கத்துப் பாதையில் ஒரு சரக்கு வண்டி நிற்பதைத் தினம் பார்க்கிறோம். வெட்டியாக நிற்கிறது என்று நினைக்கிறோம். ஒரு வண்டி செல்லும் பகுதிக்குள் மற்றொரு வண்டி நுழையலாகாது என்பது இருப்புப் பாதையின் ஆதார விதி. சிவப்பு விளக்கின் முன் ஒரு வண்டி நிற்பதாலேயே இன்னொன்றில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் பிழைக்கிறார்கள். அங்கே காத்திருத்தலே காத்தல். வண்டியின் கடைசியில் பச்சைக் கொடியோடு நின்றவரை 'கார்டு' என்று, அதாவது காவலர் என்று, நெடுங்காலம் அழைத்தார்கள். 2022இல் அந்தப் பதவிக்கு ரயில் மேலாளர் என்று பெயர் மாற்றினார்கள். எனக்கென்னவோ பழைய பெயரே பிடித்திருந்தது. மோதலைத் தடுக்கும் புதிய கருவிக்கு வைத்திருக்கும் பெயர் பரவாயில்லை: கவச்.

பெரிய ரயில் நிலையங்களில் ஓர் அறைக்கு மேல் மூன்று மொழியில் பெயர் எழுதியிருக்கும். தமிழில் 'காத்திருப்போர் அறை'. ஹிந்தியில் 'பிரதீக்ஷாலய்', அதாவது பார்த்திருக்கும் இடம். ஆங்கிலத்தில் 'வெயிட்டிங் ரூம்'. இந்த வெயிட் என்ற சொல்லைப் பற்றி என் மாணவிக்கு ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அதன் முதற்பொருள் காவல் செய்தல் என்பதே. விழித்திருத்தலைக் குறிக்கும் 'வேக்', காவலைக் குறிக்கும் 'வாட்ச்' ஆகியவை அதற்கு உறவினர். முற்காலத்தில் இங்கிலாந்தின் பட்டணங்களில் இரவுக் காவலர்களுக்கே 'வெயிட்' என்று பெயர் இருந்தது. ஆக, அவள் எழுதிய சொல்லும் நான் திருத்திய சொல்லும் ஒரே தொழிலிலிருந்து கிளம்பியவை. அதற்காக மார்க் தர மாட்டேன்; ஆங்கிலேயன் காவற்கூண்டில் ஏறி நிற்பதற்கு முன்பே நம் பெண்கள் தினைப்புனத்துப் பரணில் இருந்தார்கள்.

இவ்வளவு கௌரவம் உள்ள சொல்லுக்கு ஓர் இழிந்த உறவு உண்டு: காக்க வைத்தல். பிறவினையாக்கினவுடன் சொல்லின் முகமே மாறிவிடுகிறது. பிறர் பொழுதை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் ஒன்றும் தராதிருப்பது அது. 

காத்திருப்பதில் வருத்தம் எங்கே தொடங்குகிறது என்று யோசித்தால், பழவேற்காட்டு ஏரி நினைவுக்கு வருகிறது. அங்கே மீனவர்களிடையே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று தங்களுக்குள் முறை வகுத்துக்கொள்வார்கள். முறை வராதவர் கரையில் இருப்பார்; வலையின் கிழிசலை முடிப்பார். தம் முறை என்றைக்கு என்று அவருக்குத் தெரியும். (அந்த ஏற்பாட்டில் இடம்பெறாத மீனவர்களுக்கு மனக்குறை உண்டு, அதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று.) நாள் தெரிந்து காத்திருப்பவருக்கு அதில் அவமானம் கிடையாது. நாள் தெரியாமல் வைத்திருப்பதிலேதான் காக்க வைப்பவருடைய அதிகாரம் இருக்கிறது.

போன வருஷம் என் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. அவனுடைய தாயார் ஓர் அலுவலகத்துக்குப் போனார். அன்றைக்குக் கம்பெனியில் ஒரு நாள் கூலி போயிற்று. வராந்தாவில் பெஞ்சு இல்லை. ஆகவே காத்து நின்றார். மடியில் ரேஷன் கார்டு, பையனின் பழைய பள்ளிக்கூடத்துச் சான்று, இரண்டு புகைப்படம், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி இறுக்கிப் பிடித்தபடி மாலை நாலு மணி வரையில் நின்றார். மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாளும் போனார். சான்றிதழ் கைக்கு வந்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, "சரியா இருக்கான்னு பாருங்க ஸார்" என்று என்னிடம் நீட்டினார். பெயரும் தகப்பனார் பெயரும் பிழையில்லாமல் இருந்தன. கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி இட்டிருந்தார்கள். அவர் முதல் தடவை போய் நின்றாரே, அதற்கு மூன்று நாள் முந்திய தேதி.